சொல்லி வரும் ஆபத்து

ஒரு பெண் கணவன் கையால் கொல்லப்பட்ட பின்னர் அயலில் நடக்கும் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "அவன் முந்தியே சொன்னவன்", "போன கிழமையும் கத்தியோட நிண்டவன்" என்பார்கள். ஊர் அறிந்திருந்தது. ஆனால் அறிந்ததை எவரும் எடை போட்டுப் பார்க்கவில்லை.

இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இவ்விடயம் மிகவும் அருகிலுள்ளது. தறப்பாளும் கிடுகும் சுவராக உள்ள கொட்டிலில் ஒரு வீட்டுச் சண்டை நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனால் சொந்த ஊரில் தட்டிக் கேட்கக்கூடிய மாமனும் தமையனும் இன்று எங்கெங்கோ சிதறிப் போயுள்ளனர். காணியையும் தொழிலையும் இழந்த மனிதன் கசிப்பை நாடுவதும் உண்டு. (அந்த இழப்பு அடிப்பதற்கு நியாயமாகாது. அதே இழப்பைத்தான் அவளும் சுமக்கிறாள்.) 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், ஐந்து பெண்களில் ஒருவர் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்குத் தம் வாழ்நாளில் உள்ளானதாகத் தெரியவந்தது.

எல்லாச் சண்டையும் கொலையில் முடிவதில்லை. எது முடியக்கூடும் என்பதைக் கண்டுகொள்ள ஜக்குலின் கெம்பல் என்ற அமெரிக்கத் தாதி 1980களில் ஒரு கேள்விக்கொத்தை உருவாக்கினார். அதன் சாரத்தை எமது வாழ்க்கைக்கு ஏற்பச் சொல்வோம். அடி முன்னரைவிட அடிக்கடியும் கடுமையாகவும் விழுகிறதா? கொல்லுவேன் என்று சொல்லியிருக்கிறானா? அவன் அதைச் செய்யக்கூடியவன் என்று அவளே நம்புகிறாளா? கத்தி, கோடரி என்று ஆயுதம் தூக்கியிருக்கிறானா? போகுமிடமெல்லாம் பின்தொடர்கிறானா? கர்ப்பிணியாக இருந்தபோது அடித்தானா? கழுத்தை நெரித்ததுண்டா?

இந்தக் கடைசிக் கேள்வியை எவரும் சாதாரணமாக விட்டுவிடக்கூடாது. கழுத்தில் அடையாளம் இல்லாவிட்டாலும் அது பெரிய ஆபத்தின் அறிகுறி. ஒரு தடவை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்களவில் அதிகம் என 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. "நான் மருந்து குடிச்சுச் சாவன்" என்று கணவன் மிரட்டுவதும் அவ்வாறே. நாம் அதை அவனுக்கு மட்டுமுள்ள ஆபத்து என நினைக்கிறோம். அது அவளுக்கும் ஆபத்து. கிருமிநாசினிப் போத்தலை வேறொரு வீட்டில் பூட்டி வைப்பதும், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைப்பதும் இருவருக்கும் உதவும்.

கேள்வி கேட்பதோடு நின்றால் பயனில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2005 தொடக்கம் வீட்டுச் சண்டைக்குச் செல்லும் பொலிசார் 11 கேள்விகளைக் கேட்கின்றனர். விடைகள் ஆபத்தைக் காட்டினால், அங்கிருந்தே உதவி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து அப்பெண்ணைப் பேசச் சொல்கின்றனர். 'நாளைக்கு வாருங்கள்' என்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை.

எமது பகுதிகளிலும் வாசல்கள் உண்டு. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் பணிபுரிகின்றனர். பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' இயங்குகிறது. காயத்துக்கு மருந்து கட்டப் போகும் பெண் அங்கு மனம்விட்டுப் பேசலாம். வீடு வீடாக வரும் குடும்பநல மாதுவிடம் சொல்வது இன்னும் இலகு. அவர் வருவதை எவரும் சந்தேகிப்பதில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, உயிராபத்து என்றால் பொலிஸ் 119.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவளுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் விண்ணப்பிக்க முடியும். விவாகரத்து எடுக்கத் தேவையில்லை. அவசரமெனில் நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை வழங்கலாம். முழுக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அதை மீறினால் ஒரு வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

இங்கு எமது பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. இருவரையும் ஒன்றாக இருத்தி, புத்தி சொல்லி, கைகொடுக்க வைத்து அனுப்புவது எமது வழக்கம். காணி எல்லைச் சண்டைக்கு அது நல்லது. மேற்சொன்ன அறிகுறிகள் உள்ள வீட்டுக்கு அது கூடாது. கணவனின் முன்னிலையில் அவள் உண்மை பேச மாட்டாள். பேசினால் அன்றிரவே அதற்கு அடி விழும். ஆகவே அவளைத் தனியே, தண்ணீர் அள்ளும் இடத்திலோ கிளினிக்கிலோ கண்டு கேளுங்கள். கேட்டதைச் சந்தியில் சொல்லாதீர்கள்.

"விட்டிட்டு வா" என்று அவசரப்படுத்துவதும் பிழை. பெண் பிரிந்து செல்லும் நாட்களே மிக ஆபத்தானவை என்பது இவ்வாய்வுகளில் தெளிவாகியுள்ளது. போகுமிடம் முதலில் ஒழுங்காக வேண்டும். இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்து அலைந்தவர்களுக்கு அடுத்தது சொல்லாமலே விளங்கும்: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, பஸ் காசு என்பன நம்பிக்கையான ஓர் அயல்வீட்டில் முன்கூட்டியே இருக்கட்டும். பொலிசுக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் நாளில் கூடப்போவது யார் என்பதையும் அவளோடு பேசி இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.