இரண்டு போதும் என்ற கணக்கு

திருவனந்தபுரம் வழுதக்காட்டில், காட்டன்ஹில் பெண்கள் பள்ளி விடும் நேரத்தில் ஆட்டோக்காரர்களே தயங்குவார்கள். ஆயிரக்கணக்கில் மாணவிகள் படிக்கும் அரசுப் பள்ளி. படிப்புக்குச் சம்பளம் கிடையாது. திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817லேயே ஆணையிட்ட ஊர் இது. படிப்பு இலவசம் என்றால் பிள்ளை பெறத் தயக்கம் எதற்கு? நடந்தது நேர்மாறு.

1970களின் தொடக்கத்தில் கேரளப் பெண்ணுக்குச் சராசரியாக நான்கு பிள்ளைகள். 1992-93 தேசியக் குடும்பநல ஆய்வில் அது இரண்டாகிவிட்டது; அப்போது நாட்டின் சராசரி 3.4. இத்தனைக்கும் கேரளம் அன்று பணக்கார மாநிலமல்ல.

குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களுக்குப் பாராட்டு குவிந்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 60,000 பேருக்கு மேல் வாசக்டமி செய்துகொண்டது உண்மைதான். ஆனால் இருபதாண்டுச் சரிவுக்கு ஒரு மாத முகாம் காரணமாக முடியுமா?

காரணம் அஞ்சுதெங்குப் பக்கத்துக் கயிற்றுக் கொட்டகைகளில் இருக்கிறது. ராட்டு சுற்றுவது பிள்ளைகளின் வேலை. ஒரு பிள்ளை கூடினால் இரண்டு கை கூடும். பள்ளி அந்தக் கைகளை எடுத்துக்கொண்டது; பதிலுக்குச் சட்டை, புத்தகம், பஸ் காசு கேட்டது. பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு வந்த செல்வம் திசைமாறிப் பாய்வதுதான் சிறு குடும்பத்துக்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்ட்வெல் 1976இல் எழுதினார். கொட்டகைத் தாய்க்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி. தாண்டினால் சர்க்கார் வேலை, நர்சிங், வளைகுடா. தென்னந்தோப்பை நான்காகப் பிரிக்கலாம். நர்சிங் படிக்கவைக்கும் பணத்தை நான்காகப் பிரித்தால் ஒருத்தியும் நர்ஸாக மாட்டாள். 2001க்குப் பின் சுயநிதிக் கல்லூரிகள் பெருகியபோது, ஆங்கில மீடியம், டியூஷன், என்ட்ரன்ஸ் கோச்சிங் என்று ஏற்கெனவே நீண்டிருந்த பட்டியலில் லட்சங்களும் சேர்ந்தன. இரண்டு என்பதே சில வீடுகளில் ஒன்றாயிற்று.

ஆறு வயது வரையிலான குழந்தைகள் 2001இல் சுமார் 38 லட்சம்; 2011இல் 35 லட்சம். இப்போது தவிப்பது பள்ளிகள். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கு அங்கே 'அனாதாயகரம்' என்று பெயர், அதாவது ஆதாயமற்றது. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். அதனால் கோடை விடுமுறையிலேயே ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள், ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை கேட்டு.