ஈரப் படச்சுருளுக்கு ஒரு தூசியில்லா அலமாரி

கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வீட்டிலேயே கழுவுவோர் இன்றும் இருக்கிறார்கள். ரசாயன வேலையைக் கச்சிதமாக முடிப்பவர்கள்கூடக் கடைசியில், உலர்த்தும்போது படத்தைக் கெடுத்துக்கொள்வதுண்டு.

காரணம் ஜெலட்டின். படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்கள் இந்தப் பூச்சுக்குள்தான் இருக்கின்றன. நீரில் ஊறியதும் அது உப்பி மென்மையாகிவிடும். அப்போது விழும் தூசி, காய்ந்தபின் துடைத்தாலும் எளிதில் போகாது. நெகட்டிவை எட்டு மடங்கு பெரிதாக்கினால், 0.1 மில்லிமீட்டர் தூசி அச்சில் 0.8 மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். சுருள் மெதுவாகக் காய்வதால், தூசி விழவும் அதிக நேரம் கிடைக்கிறது. முடி உலர்த்தியைப் பிடித்தால் காற்றோடு தூசியும் சேர்ந்து வீசும்.

இதற்குத் தீர்வு ஒரு மூடிய அலமாரி. 36 படங்கள் கொண்ட 35 மி.மீ. சுருளின் நீளம் சுமார் 1.6 மீட்டர். பழைய துணி அலமாரி ஒன்று போதும். உயரம் போதாவிட்டால் இரு படங்களுக்கு இடையே வெட்டி, இரண்டாகத் தொங்கவிடலாம்.

பலர் தவறு செய்வது மின்விசிறியைப் பொருத்துவதில்தான். அது காற்றை வெளியே இழுத்தால், கதவிடுக்குகள் வழியாகத் தூசியும் உள்ளே வரும். எனவே, கணினியில் பயன்படும் 12 வோல்ட் விசிறியை மேலே பொருத்தி, வடிகட்டி வழியாகக் காற்றை உள்ளே தள்ளச் செய்யுங்கள். அடியில் சிறு துளைகள் இடுங்கள். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுவதால், இடுக்குகளில் காற்று வெளியேறுமே தவிர உள்ளே நுழையாது.

இளஞ்சூடும் உதவும். 28 டிகிரி செல்சியசில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 38 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் சுமார் 46 விழுக்காடாகக் குறையும். நீராவியின் அளவு மாறுவதில்லை. சூடான காற்றால் கூடுதல் நீராவியை ஏற்க முடிகிறது. விசிறிக்கு அருகே பழைய வகை இழை விளக்கு ஒன்றை வைத்தால் இந்தச் சூடு கிடைக்கும். விளக்கு மேலே இருப்பதால் சொட்டும் நீர் அதன்மீது விழாது. மரத்திலும் நெகிழியிலும் அது படக்கூடாது. வெப்பமானி வைத்து, 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும்போது வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள்.

தொங்கவிடுமுன் அலமாரியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். சுருளின் கீழ்முனையில் கனமான கிளிப் மாட்டினால் அது சுருண்டுகொள்ளாது. பிறகு, முழுவதும் காயும்வரை கதவைத் திறக்காதீர்கள். திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அறையின் தூசி உள்ளே போகும்.