பொரிப்பும் பொறுப்பும்

"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. தாயின் கண்டிப்பால் பிள்ளைக்குக் கேடு வராது என்பது அதன் பொருள். தாயே இல்லாமல் பிறக்கும் குஞ்சைப் பற்றி அவர்கள் பழமொழி எதுவும் சொல்லி வைக்கவில்லை. அதற்கான காலம் இப்போதுதான் வந்திருக்கிறது.

பெங்களூரில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் சாப்பாட்டு மேசையின் ஓரமாக ஒரு சிறு பெட்டி இடம் பிடித்துவிட்டது. இன்குபேட்டர் என்பது அதன் பெயர். முட்டையைக் கோழி இல்லாமலே குஞ்சாக்கித் தரும் கருவி. 12 முட்டை, 24 முட்டை கொள்ளும் பெட்டிகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்று வாங்குகிறார்கள். நல்ல பாடம்தான். நானும் மூன்று முறை பொரிக்க வைத்துப் பார்த்தவன். பெட்டி வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும் அன்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கோழியின் 21 நாள் வேலையைப் பெட்டி செய்துவிடும். அதற்குப் பிந்தைய வேலையை நாம்தான் செய்தாக வேண்டும்.

கோழி செய்யும் வேலை

ஊரில் அடை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, 9, 11, 13 என்று ஒற்றைப்படையில் முட்டைகளை அடுக்குவார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் இவற்றையும் கூடையில் போடுவார்கள். அடைக்கோழி ஏறி உட்கார்ந்துவிட்டால் நாளுக்கு ஒரு முறை, இரை எடுக்கவும் தண்ணீர் குடிக்கவும் மட்டுமே இறங்கும்.

சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். ஆனால் அதன் மார்பின் அடியில் இறகு உதிர்ந்து, வெறும் தோல் முட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உடம்புச் சூடு நேராக முட்டைக்குப் போகும். அலகால் முட்டைகளை அடிக்கடி உருட்டும். ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கும், நடுவில் கிடப்பதை ஓரத்துக்கும் மாற்றும். சூடு, ஈரம், புரட்டல், காற்று என்ற இந்த நான்கையும்தான் மனிதன் பெட்டிக்குள் கொண்டுவர முயன்றிருக்கிறான்.

இந்த முயற்சி மிகப் பழையது. எகிப்தியர்கள் மண் செங்கல்லால் அறைகள் கட்டி, தீ மூட்டி, ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்தார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்த தொழில் ரகசியம் அது. பிரான்சின் அறிவியலாளர் ரெயோமூர் இதை ஆராய்ந்து 1749ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். இன்று அந்தக் கண்ணிமையின் வேலையைச் செய்வது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு உணர்கருவி.

எந்த முட்டை பொரிக்கும்?

கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிகள் சேவல் இல்லாமல் கூண்டில் இருப்பவை. அந்த முட்டையில் கரு இல்லை. எத்தனை நாள் வைத்தாலும் பொரிக்காது. பழுப்பு ஓடு இருந்தால் நாட்டு முட்டை என்று நினைப்பதும் சரியல்ல. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழி இனங்களும் இருக்கின்றன. சேவலோடு மேயும் கோழியின் முட்டைதான் வேண்டும். கன்னடத்தில் 'நாட்டி கோளி' என்பார்கள். ஊரகத்தில் வளர்ப்பவர்களிடம் கேட்டு, இட்டு 7 நாளுக்கு மேற்படாத முட்டையாக வாங்குவது நல்லது. கழுவக் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம்தான் கிருமிகளைத் தடுக்கிறது. வைக்கும் வரை, கூர்முனை கீழே இருக்க, குளிர்ந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

கூர்மையான முட்டையில் சேவல், உருண்டையான முட்டையில் பெட்டை என்று சொல்வதில் உண்மை இல்லை. ஆமை முட்டைகளில் மணலின் சூடு ஆணா பெண்ணா என்று முடிவு செய்வதுபோலக் கோழியில் நடப்பதும் இல்லை. முட்டை வெளியே வருமுன்பே, தாய்க்கோழியின் உடம்பிலேயே அது முடிவாகிவிடுகிறது. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி சேவல். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சூடும் ஈரமும்

விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் குஞ்சு தாமதமாகும். கூடுதல் சூடு அதைவிட ஆபத்து. 40ஐத் தாண்டிச் சில மணி நேரம் நீடித்தால் கரு இறந்துவிடும். ஆகவே பெட்டி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை உள்ளே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கு வேண்டிய சூட்டில் மிகச் சரியாகக் காட்டக்கூடியது அதுதான். கொதிநீரில் வெப்பமானியைச் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இந்த உயரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழியே பிராணவாயு உள்ளே போகிறது, நீராவி வெளியே வருகிறது. நம் ஊரில் காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் நீராவி சற்று வேகமாக வெளியேறும். போதாக்குறைக்கு மார்ச் மாதப் பிற்பகல்களில் காற்று உலர்ந்து கிடக்கும். முதல் 18 நாள் 50 முதல் 55 விழுக்காடும், கடைசி 3 நாள் 65 முதல் 70 விழுக்காடும் ஈரப்பதம் வேண்டும் என்பது பொது விதி. ஆனால் எண்ணைவிடத் தராசு நம்பகமானது. 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 12 விழுக்காடு அளவுக்கு இழக்க வேண்டும். 50 கிராம் முட்டை என்றால் 44 கிராம். அதைவிடக் குறைந்தால் பெட்டியின் தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்குங்கள்.

நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை முட்டையைப் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். தானே புரட்டும் பெட்டி இல்லாதவர்கள் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும், மறுபக்கம் வட்டமும் போட்டுக்கொள்ளலாம். மை வேண்டாம்.

இனி மின்வெட்டு. சிவசமுத்திரம் நீர்மின்சாரம் 1902இல் நம்மவர் பலர் பாடுபட்ட கோலார் தங்கவயலுக்கு வந்தது. 1905இல் பெங்களூர் வீதியில் மின்விளக்கு எரிந்தது. அப்படிப்பட்ட ஊரிலும் கோடை மழைக்கு முன் காற்றடித்தால் மின்சாரம் போய்விடுகிறது. அஞ்ச வேண்டியதில்லை. கோழியும் இரைக்காக இறங்குகிறதல்லவா? மூடியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு, பெட்டியைக் கம்பளியால் சுற்றி வைத்தால் ஓரிரு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் இன்வெர்ட்டர்தான் கைகொடுக்கும். வீட்டிலேயே பெட்டி செய்ய நினைப்பவர்கள் பழைய குண்டு பல்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்றைய எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், முட்டைக்கு வேண்டிய சூடு தராது.

ஓட்டுக்குள் தெரியும் உயிர்

7ஆம் நாள் இரவு அறையை இருட்டாக்கி, செல்பேசி விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்தால் சிலந்திவலை போல ரத்த நாளங்கள் தெரியும். நடுவே ஒரு கரும்புள்ளி அசையும். பிள்ளைகள் பேச்சற்றுப் போகும் நேரம் அது. எதுவும் தெரியாமல் தெளிவாக இருந்தால் கருவில்லா முட்டை. ரத்தம் ஒரு வளையமாக மட்டும் நின்றிருந்தால் கரு தொடங்கி இறந்துவிட்டது. நாம் கோபத்தில் 'கூமுட்டை' என்று திட்டுகிறோமே, அது அடையிலிருந்து பொரிக்காமல் கூழாகிப்போன முட்டைதான். அதை உடனே எடுத்துவிட வேண்டும். உள்ளே வெடித்தால் மற்றவையும் கெடும்.

18ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தைக் கூட்டி, மூடியை மூடிவிட வேண்டும். 20ஆம் நாள் வாக்கில் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சொலி கேட்கும். குஞ்சு உள்ளிருக்கும் காற்றறையைக் குத்தி முதல் மூச்சு விட்டுவிட்டது என்று பொருள். பிறகு ஓட்டில் ஒரு விரிசல். அதிலிருந்து வெளியே வர அரை நாளோ ஒரு நாளோ ஆகும். பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. ஓட்டை உரித்து உதவக் கை துடிக்கும். உதவக் கூடாது. அந்த நேரத்தில்தான் குஞ்சு மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, ரத்த நாளங்கள் வற்றுகின்றன. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசியும். மூடியைத் திறந்தால் ஈரம் போய், உட்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும்.

சென்ற முறை நான் வைத்தது 12 முட்டை. இரண்டில் கரு இல்லை. ஒன்றில் ரத்த வளையம். ஒன்று கடைசிவரை ஓட்டைத் திறக்கவில்லை. எட்டுக் குஞ்சுகள் வந்தன.

22ஆம் நாள்

பெட்டியோடு வரும் கையேடு பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகிறது. வேலை இங்கேதான் தொடங்குகிறது. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, இறகு முளைக்கும்வரை நான்கைந்து வாரம் காக்க வேண்டும். டிசம்பர், ஜனவரிப் பெங்களூர் இரவில் இது எளிதன்று. குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பவை மூச்சுத்திணறி இறக்கும். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது. கோழி இல்லாத இடத்தில் குஞ்சு மிதித்தே குஞ்சு சாகும். விளக்கின் கீழ் குவிந்தால் குளிர், விலகி வாய் திறந்து மூச்சு வாங்கினால் அதிகச் சூடு, பரவலாகப் படுத்தால் சரி.

அடுத்தது நோய். நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய் வந்தால் கூட்டத்தையே துடைத்துப் போகும். 7ஆம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். சீசாவில் நூறு குஞ்சுக்கு மேல் மருந்து இருக்கும். எட்டுக் குஞ்சு உள்ளவர்கள் முன்கூட்டியே கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. கற்றுக்கொள்ள நம் ஊரில் இடம் இருக்கிறது. ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புறக்கடை வளர்ப்புக்குப் பெயர்பெற்ற கிரிராஜா கோழி பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்தது. ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ப்புப் பயிற்சி நிலையம் உள்ளது.

கடைசியாகச் சேவல் கணக்கு. எட்டில் ஐந்து சேவல் எனக்கு. கூவத் தொடங்கியதும் எந்த அடுக்குமாடியும் பொறுக்காது. பெரிய பண்ணைகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விதம் கொடியது. முட்டையினக் கோழிகளின் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவது உலகெங்கும் வழக்கம். ஜெர்மனி 2022 முதல் இதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. வீட்டில் பொரிப்பவர்களுக்கும் அதே கேள்வி சிறிய அளவில் வரத்தான் செய்யும். பெட்டியை மூடுமுன்பே கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உறவினரிடம் பேசி வைத்திருந்ததால் என் சேவல்கள் அங்கே போயின. அவர் வளர்ப்பார், பண்டிகைக்கு அறுக்கவும் செய்வார். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். உயிர் எப்படி வருகிறது என்று காட்டுகிறவர்கள், அது எங்கே போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

வேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஓட்டை உடைத்துக்கொண்டு ஓர் உயிர் வெளியே வருவதைக் கண்ட பிள்ளை முட்டையை முன்போலப் பார்க்காது. ஆகவே தாராளமாக வாங்குங்கள். ஆனால் முட்டை தேடுமுன் சேவலுக்கு இடம் தேடுங்கள். ஐந்து வாரம் இரவில் எழுந்து விளக்கைப் பார்க்க வீட்டில் யார் என்று பேசி முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு பெட்டியின் சுவிட்சைப் போடலாம்.