நின்ற வண்டியைத் தின்னும் நீர்

ஓடுகிற வண்டிதான் தேயும், சும்மா நிற்கிற வண்டிக்கு என்ன கேடு வந்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். சக்கரங்களின் தேய்மானத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வண்டியின் இரும்புக் கூட்டுக்கு ஓட்டத்தைவிட ஓய்வே பெரிய பகை. ஐரோப்பாவில் குளிர்காலம் முழுவதும் நிறுத்திவைக்கப்படும் கேம்பர் வேன்களே இதற்குச் சான்று.

கேம்பர் வேன் என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள ஒரு நடமாடும் வீடு. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் பெட்டி வடிவ வேன் ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே வெஸ்ட்பாலியா என்ற நிறுவனம் அதற்கு வீட்டுச் சாமான்கள் செய்து பொருத்தியது. கோடையில் குடும்பத்தோடு ஊர் சுற்றும் இந்த வேன், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். அப்போதுதான் நீர் தன் வேலையைத் தொடங்குகிறது.

நீர் நுழையும் வழி

வண்டியின் கூடு பல தகடுகளை ஒட்டவைத்துச் செய்தது. தகடுகள் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற இடைவெளி உண்டு. அதை ஒரு பசை மூடியிருக்கும். சன்னல் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் பட்டுப் பட்டு, பசையும் ரப்பரும் இறுகி வெடிக்கின்றன.

வெடிப்பு சிறிதுதானே என்று விட்டுவிட முடியாது. இரண்டு கண்ணாடித் தகடுகளை 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நீரில் நிறுத்தினால், நீர் சுமார் 15 செண்டிமீட்டர் உயரம் தானே ஏறிவிடும். இதுதான் நுண்புழை ஏற்றம். இடைவெளி குறுகக் குறுக, நீர் மேலும் உயரமாக ஏறும். ஓடும் வண்டியில் காற்று வீசி ஈரத்தை ஓரளவு உலர்த்தும். நிற்கும் வண்டியில் அது வாரக்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும்.

மழையில்லாமலும் நீர் வரும்

ஒரு துளி மழை நுழையாத வேனிலும் கூரையிலிருந்து நீர் சொட்டுவதுண்டு. இது எங்கிருந்து வந்தது?

அடுப்பிலிருந்தும் நம் மூச்சிலிருந்தும் வந்தது! நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். புரோப்பேன் வாயுவின் மூலக்கூறு நிறை 44. ஒரு மூலக்கூறு எரிந்தால் நான்கு நீர் மூலக்கூறுகள் உண்டாகின்றன; அவற்றின் நிறை 4 × 18 = 72. அதாவது, ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கு மேல் நீராவி வரும். அது மெத்தையிலும் திரைச்சீலையிலும் தங்கிவிடுகிறது.

20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் தாங்குவது சுமார் 5 கிராம்தான். பகல் வெயிலில் மெத்தையின் ஈரம் ஆவியாகிறது. இரவில் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிறது. வண்டியே ஒரு வாலைபோல ஆகி, உள்தகடுகளை நாள்தோறும் நனைக்கிறது.

துருவின் விசித்திரம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடத்தில்தானே இரும்பு அதிகம் அரிக்கப்பட வேண்டும்? அங்கேதான் வியப்பு! கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூ. ஆர். எவன்ஸ் 1920-களில் இதை ஒரு துளி உப்புநீரால் விளக்கினார்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு இரும்புத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அதில் ஒரு பெரிய துளி உப்புநீரை விடுங்கள். சில மணி நேரம் கழித்து, துளிக்குள் பழுப்பு வளையம் தோன்றும். அதைத் துடைத்துப் பாருங்கள். விளிம்பு பளபளப்பாகவே இருக்கும், நடுப்பகுதிதான் அரிக்கப்பட்டிருக்கும்.

துளியின் நடுவில் ஆக்சிஜன் குறைவு. அங்கே இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, ஆக்சிஜன் மிகுந்த விளிம்பில் செலவாகின்றன. இது ஒரு சிறிய மின்கலமே! உப்பு இருந்தால் மின்னோட்டம் எளிதாகிறது. ஐரோப்பாவில் பனிக்கட்டியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அது வண்டியின் அடியில் படிந்துவிடுகிறது.

ஆகவே காற்றுப் படாத இடுக்குகளிலேயே அரிப்பு கடுமையாக நடக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், இடுக்கை நெம்பித் திறக்கிறது. இன்னும் நீர் நுழைகிறது. பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பெரும் சேதம் நடந்திருக்கும். மேலே பட்டி வைத்துப் பூசினால் நோய் மறையும், தீராது. இருக்கைப் பட்டை பூட்டியிருக்கும் தகடே அப்படி இற்றுப்போயிருந்தால், விபத்தின்போது அது கையைவிட்டுவிடும்.

என்ன செய்யலாம்?

நிறுத்துமுன் அடிப்பகுதியின் உப்பை நல்ல நீரால் கழுவ வேண்டும். மெத்தைகளை வெயிலில் காயவைக்க வேண்டும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் அடைத்திருக்கும் சருகை நீக்க வேண்டும். கூரையில் நீர் தேங்காதபடி வண்டியைச் சற்றே சாய்வாக நிறுத்த வேண்டும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒருவர் உள்ளே அமர்ந்திருக்க, மற்றவர் குழாய் நீரைக் கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே பாய்ச்ச வேண்டும். எந்த இணைப்பை எட்டும்போது உள்ளே ஈரம் கசிகிறதோ, அதுவே குற்றவாளி. மேலிருந்து ஊற்றினால் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும்.

வண்டியைப் பாலிதீன் தாளால் இறுக மூடக்கூடாது. ஆவி வெளியேறும் துணி உறையே நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: குளிருக்கும் நீருக்கும் பயந்து காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்கக்கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. அது கசிந்தால் தரையில்தான் படியும்; தரையிலுள்ள துளையே அதற்கு வெளியேறும் வழி. நீர் வரும் துளையை அடைக்கலாம், உயிர் காக்கும் துளையை அடைக்கலாமா?

இந்த விதிகள் கேம்பர் வேனுக்கு மட்டும் உரியவை அல்ல. உங்கள் சைக்கிள் மட்கார்டின் உட்புறத்தையும், இரும்புக் கதவின் அடி மூலையையும் இன்று பாருங்கள். துரு எங்கே தொடங்கியிருக்கிறது? ஏன் அங்கே? எவன்ஸின் துளியை நினைத்துக்கொண்டு விடை தேடுங்கள்.