பனை மரமன்று

பனை மரமன்று, புல். இவ்வாறு தொடங்கினால் வகுப்பிலே மாணவர் சிரிப்பர். சிரிப்பு அடங்கியபின் தொல்காப்பிய மரபியலை எடுப்பேன். புறத்தே காழ் உடையது புல், அகத்தே காழ் உடையது மரம் என்பது ஆசிரியர் வகுத்த நெறி. காழ் என்பது வயிரம். பனைக்கு வயிரம் புறத்தே உள்ளது. ஆதலின் பனை புல். மாணவர் எழுதிக்கொள்வர், பரீட்சையிலே ஒப்புவிப்பர், புள்ளியும் பெறுவர். முப்பது ஆண்டுகளாக நான் நடத்திவரும் பாடம் இது.

இம்முப்பது ஆண்டுகளிலும் தறித்த பனையொன்றின் வெட்டுமுகத்தை நான் கூர்ந்து நோக்கியதில்லை. எழுதுவதற்கு நாணமாகத்தான் இருக்கிறது. யுத்த காலத்திலே பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் வரிசை வரிசையாக வீழ்த்தப்பட்டபோது நான் இளைஞன். வீழ்ந்தவற்றுக்காக இரங்கினேன், அவற்றின் உள்ளே என்ன இருந்தது என்று குனிந்து பார்த்தேனல்லேன்.

சென்ற ஆகஸ்ட் விடுமுறையிலே தீவுப்பகுதிக் கிராமம் ஒன்றின் வாசிகசாலையார் சிறுவர் முகாம் ஒன்று நடத்தினர். ஐந்து நாள், முப்பது பிள்ளைகள். இயற்கையைக் கையால் தொட்டுக் கற்பது நோக்கம். பண்டிதர் ஒருவர் இருந்தால் சபைக்கு அழகு என்று நினைத்தார்கள் போலும், என்னையும் அழைத்தார்கள்.

முகாமிட்டுக் கற்பித்தல் மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம். அமெரிக்காவின் கனெற்றிகட் மாநிலத்திலே பள்ளி நடத்திய பிரெடெரிக் கன் என்பார் 1861ஆம் ஆண்டில் தம் மாணவரைக் கடற்கரைக்கு நடத்திச் சென்று கூடாரங்களில் தங்கவைத்தார். அந்நாட்டுக் கோடை முகாம்களுக்கு அதுவே தொடக்கம் என்பர். அவர்களுடைய கோடை விடுமுறை நீண்டது. நமக்கு ஆகஸ்டிலே கிடைப்பவை சில நாள்களே. ஆனால் அவை பனம்பழக் காலத்திலே வருகின்றன. விடியற்காலையிற் பனங்கூடலுக்குட் புகுந்தால், விழுந்த பழங்களின் மணமே பிள்ளைகளை வழிநடத்திச் செல்லும்.

இரண்டாம் நாள் எங்களுக்குப் பாடமானது காற்றிலே சாய்ந்த முதுபனை ஒன்று. அதனை அறுத்துக் கிடத்தியிருந்தனர். பக்கத்திலே ஒரு வேப்பங்குற்றி.

பிள்ளைகளுள் என் மாணவன் ஒருவனும் இருந்தான். வகுப்பிலே வாய் திறவாதவன். மேற்சொன்ன சூத்திரத்தை மும்முறை கேட்டும் விடை சொல்லாமல் நின்றவன். அன்று நான் அவனைப் பலர் முன்னிலையில் மந்தன் என்றேன். அதன்பின் இரண்டு கிழமை அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. தந்தையார் சீவல் தொழில் செய்பவர்.

அவன் கோடாலியைக் கேட்டு வாங்கினான். பனையின் ஓரத்திலே தட்டினான், கணீரென்றது. நடுவிலே தட்டினான், ஓசையே இல்லை. "வெளியிலை கோடாலி துள்ளுது, ஐயா. உள்ளுக்குச் சோத்தி. விரலாலை நோண்டிப் பாருங்கோ" என்றான். நோண்டினேன். ஈரப் பஞ்சு போன்று நார் நாராகக் கையில் வந்தது. முப்பது பிள்ளைகளும் நோண்டினர். பிறகு வேம்பைத் தொட்டனர். அங்கே முறை மாறி, வெளிறு புறத்தேயும் சிவந்த வயிரம் அகத்தேயும் இருந்தன. சூத்திரம் முழுவதும் அந்த இரண்டு குற்றிகளிலும் கிடந்தது.

"வேம்பிலை வட்டம் வட்டமாய்க் கிடக்கு, பனையிலை ஏன் வட்டமில்லை?" என்றாள் ஒரு சிறுமி. எனக்கு விடை தெரியவில்லை. முகாமுக்கு வந்திருந்த விஞ்ஞான ஆசிரியை கூறினார்: வேம்பிலே பட்டைக்கு உட்புறம் மாறிழையம் என்னும் படை உண்டு, அது புதிய மரத்தை வளையமாகச் சேர்த்துத் தண்டைப் பருக்கச் செய்யும். பனைக்கு அப்படை இல்லை. அதன் நார்க்கட்டுகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கும். ஓரத்திலே நெருங்கி இறுகும். பனையையும் தென்னையையும் மூங்கிலையும் அறுகம்புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என ஒரே பெரும்பிரிவில் வைப்பது இன்றைய தாவரவியல்.

இதைக் கேட்டவுடன், தொல்காப்பியர் அன்றே தாவரவியல் முழுவதும் கண்டுவிட்டார் என்று மேடையேறுவார் உளர். நான் அவர்களோடு சேரேன். மாறிழையத்தை அவர் கண்டிலர். அறுத்த பனையைக் கண்டவர், அல்லது அறுத்தவர் சொல்லக் கேட்டவர். அதுவே எனக்குப் போதும்.

புல்லின் உறுப்புப் பெயர்களையும் மரபியல் கூறும்: ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலியன. நான் அவற்றைச் சொல்லச் சொல்ல அந்தப் பையன் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினான். நூலின் பட்டியல் முடிந்தது, அவனுடையது முடியவில்லை. குருத்தோலை, காவோலை, கங்குமட்டை, பன்னாடை, கொக்கரை, ஊமல், பூரான் என்று சொல்லிக்கொண்டே நடந்தான். நான் கொப்பியும் கையுமாகப் பின்னே நடந்தேன். அன்றிரவு அவனிடம் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது; சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டிலே பொருளதிகாரத்தை அச்சேற்றும்வரை இந்த மரபியல் ஏட்டிலேதான் இருந்தது. பனையின் இலக்கணத்தைப் பனையோலையே சுமந்து வந்தது. இதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒருவன் ஓர் ஓலையை எடுத்து ஆணியாலே தன் பெயரைக் கீறிப் பார்த்தான். ஓலை கிழிந்தது. வேறோர் ஓலை எடுத்தான்.

கடைசி நாள் பாத்தி போட்டோம். பழத்தைப் பிசைந்து களியை எடுத்தபின் கொட்டைகளை மண்ணில் அடுக்கினோம். கொட்டை மேலே கிடக்க முளை கீழ்நோக்கி இறங்கும் என்றும், அதுவே கிழங்காகும் என்றும், மார்கழி தையிலே கிண்டலாம் என்றும் பையன் மற்றவர்களுக்கு விளக்கினான். பிறகு என்னிடம் வந்தான்.

"ஐயா, அந்தச் சூத்திரம் செய்தவருக்குப் பனையைத் தறிச்சுக் காட்டினது ஆர்?"

"சூத்திரத்திலே 'மொழிப' என்று ஒரு சொல் இருக்கிறது, தம்பி. சொல்லுவார்கள் என்பது பொருள். உரைகாரர் அவர்களைப் புலவர் என்பர். பெயர் நூலிலே இல்லை."

அவன் சிறிது நேரம் யோசித்தான்.

"அப்ப எங்கடை ஆக்களாய்த்தான் இருக்கும்" என்று சொல்லி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனான்.