கிளைக்குத் தெரியாமல் நடப்பவர்கள்

சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் நடத்தும் மரமேறும் போட்டியில் வேடிக்கையான சுற்று ஒன்று உண்டு. மரத்தில் ஆங்காங்கே மணி கட்டியிருப்பார்கள்; ஏறுபவர் போய்த் தட்ட வேண்டும். கிடையாக நீண்ட ஒரு கிளையில் மட்டும் தூக்குக்குண்டு தொங்கும். உடல் பாரத்தில் கிளை அதிகம் தாழ்ந்தால் அலாரம் அலறும். கிளைமேல் நடக்க வேண்டும், ஆனால் அது கிளைக்குத் தெரியக் கூடாது!

எப்படி? பாரம் முழுவதும் கயிற்றில். காலுக்குச் சமநிலை பார்க்கும் வேலை மட்டும்தான்.

பனையேறி அடிமரத்தை அணைத்தபடியே ஏறி இறங்கிவிடலாம். புளியும் ஓக்கும் அப்படியா? கிளை கழிக்க அடிமரத்தை விட்டு வெகுதூரம் விலகிப் போக வேண்டும். அதனால் கீழே நின்றே எடைப்பை கட்டிய மெல்லிய நூலை உயரமான, பருத்த கவட்டைக்குள் எறிந்து, அதன் வழியே சுமார் 12 மி.மீ. பருமனுள்ள கயிற்றை ஏற்றுகிறார்கள். இடுப்பு வாரில் அது ஓர் உராய்வு முடிச்சோடு சேரும். பாரம் விழுந்தால் முடிச்சு இறுகும். கையால் அழுத்தினால் வழுக்கும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் விளக்கிய முடிச்சின் பங்காளி இது.

கவட்டை ஏன் உயரமாக இருக்க வேண்டும்? தாழ்வாக இருந்தால், கிளை நுனிக்குப் போகப் போகக் கயிறு படுத்துவிடும். செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்தால், மேலே தாங்கும் அளவுக்கே அடிமரத்தை நோக்கியும் இழுக்கும். கால் சறுக்கினால் ஊஞ்சலாடிப் போய் அடிமரத்தில் மோத வேண்டியதுதான். ஆகவே கயிறு தொய்யாமல், நாற்காலியில் சாய்வதுபோல் அதில் சாய்ந்துகொண்டே பக்கவாட்டில் நடக்கிறார்கள்.

அறுக்கும் இடம் வந்ததும் குட்டைக் கயிறு ஒன்று மரத்தைச் சுற்றி வந்து இடுப்பின் இருபுற வளையங்களில் மாட்டிக்கொள்ளும். இரண்டு கயிறு, ஊன்றிய கால்: முக்காலிபோல உடல் நிலைத்துவிடும். ரம்பம் தவறி ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றது தாங்கும். அதைவிடப் பெரிய லாபம், இரண்டு கையும் ரம்பத்துக்குக் கிடைப்பது. வெட்டும் இடம் தோளுக்குக் கீழே இருக்கும்படி நிற்பது உத்தமம். எட்டி எட்டி அறுப்பவர் இடம் மாறச் சோம்பல்பட்டவர் என்றே சொல்வேன்.

வார் தொடையை அழுத்த, அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கும். மயக்கம்கூட வரலாம். அதனால் அடிக்கடி எதிலாவது கால் ஊன்றி, நிலை மாற்றிக்கொள்வார்கள்.

உங்கள் வீட்டு மரத்தில் கிளை கழிக்க ஆள் வந்தால், கூலி பேசும்போதே இடுப்பு வாரும் இரண்டு கயிறும் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.