படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஜெனரேட்டர்

பி.காம். படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் தெரியும். கார்பன் மோனாக்ஸைடு? எனக்குத் தெரியாது சார், போன ஐப்பசி வரை!

மாடியில் ஒரு ரூம் கட்டிக்கொண்டிருந்தோம். கரண்ட் கட். டைல்ஸ் அறுக்க வாடகைக்கு ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். மழை தூறியதும், 'நனைஞ்சா டெபாசிட் போயிடுமே' என்று அதைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிய புத்திசாலி, சாட்சாத் நான்தான்.

அரை மணியில், மேலே வேலை பார்த்த பையன் "தலை சுத்துது சார்" என்று உட்கார்ந்துவிட்டான். பசி மயக்கமாக்கும் என்று நான் டீ வாங்கக் கிளம்ப, மேஸ்திரி மெஷினை அணைத்துவிட்டுப் பையனை வெளியே தூக்கிவந்தார்.

"ஜன்னல் திறந்துதானே இருக்கு மேஸ்திரி?"

"ஜன்னல் பத்தாது சார்!"

ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளுமாம்.

இப்போது மெஷின் கட்டடத்திலிருந்து 20 அடி தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரையின் கீழ். புகைக்குழாய் தெருப் பக்கம். அணைத்து, சூடு ஆறின பிறகுதான் பெட்ரோல். ராத்திரி வால்வை மூடி, கேனை ஆட்கள் படுக்கும் ஷெட்டுக்கு வெளியே தனியாக வைக்கிறார்கள்.

பையன் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்தான். டெபாசிட்டும் முழுசாகத் திரும்பியது. வேலை முடியும்வரை மேஸ்திரி என்னை மட்டும் ஜெனரேட்டர் பக்கம் அண்டவிடவில்லை.